பெண்களில் கண்ட நோய், ஆண்களில் பார்த்த மருந்து: தைரொய்ட்டும் கொலஸ்ட்ரோலும் வந்த பாதை

கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால் நம்மூரில் முதலில் மாட்டிக்கொள்வது சாப்பாடுதான். மாட்டிறைச்சி நிற்கும், முட்டை நிற்கும், தேங்காய்ப்பால் பாதியாகும், கலியாண வீட்டு சஹனில் உட்கார்ந்தாலும் கை தயங்கும். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பது, ஐம்பது தாண்டிய எமது உம்மாமார், ராத்தாமார் சிலருக்கு எவ்வளவு வாயைக் கட்டினாலும் அந்த எண் இறங்குவதில்லை. கூடவே உடம்பு பாரம், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், குரல் கம்முதல், மறதி. எல்லாவற்றையும் "வயசு போகுதுதானே" என்ற ஒரே பேச்சில் நாம் மூடிவிடுகிறோம்.

இவர்களில் சிலருக்காவது கோளாறு சாப்பாட்டுத் தட்டில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள், வைத்தியர்கள் அல்ல. ஆகவே மருந்து சொல்ல வரவில்லை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதில் பெண்கள் எங்கே இருந்தார்கள், எங்கே காணாமல் போனார்கள் என்பதைத்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

1873ஆம் ஆண்டு லண்டனில் சேர் வில்லியம் கல் என்ற வைத்தியர் (பெயரே அதுதான்) ஒரு கட்டுரையை வாசித்தார். நடுத்தர வயதுப் பெண்கள் சிலருக்கு முகம் வீங்கி, தோல் தடித்து, நாக்கு பெருத்து, பேச்சும் நடையும் மந்தமாகிப் போவதை அவர் விவரித்தார். கட்டுரையின் தலைப்பிலேயே "பெண்கள்" என்ற சொல் இருந்தது. காரணம் என்ன என்று அவர் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து வில்லியம் ஓர்ட் என்பவர் இதற்கு "மிக்சிடீமா" என்று பெயர் வைத்தார். இறந்த நோயாளி ஒருவரின் உடலைத் திறந்து பார்த்தபோது கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி சுருங்கிக் கிடந்ததையும் அவர் கண்டார். ஆனாலும் சுரப்பி சுருங்கியதுதான் நோய்க்குக் காரணம் என்று அப்போது யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அதை உறுதிப்படுத்தியது சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரம். அங்குள்ள மலைப் பிரதேசங்களில் அயடீன் குறைவு. அதனால் கண்டக்கழலை சர்வசாதாரணம். தியோடர் கொக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அந்தக் கழலைகளை இரத்தம் சிந்தாத நேர்த்தியோடு வெட்டி எடுப்பதில் பெயர் பெற்றவர். 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழுச் சுரப்பியையும் அகற்றினார். சில வருடங்களின் பின்னர் அவளை மீண்டும் பார்த்தபோது அவளுடைய தங்கை உயரமாக, அழகாக வளர்ந்திருந்தாள். முன்பு இருவரும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தவர்கள். இவளோ குட்டையாக, முகம் உப்பி, புத்தி மந்தித்துப் போயிருந்தாள். கொக்கர் பதறிப்போய், முழுச் சுரப்பியையும் தான் அகற்றியிருந்த மற்றவர்களையும் வரவழைத்தார். மீண்டும் பரிசோதிக்கக் கிடைத்த 18 பேரில் 16 பேருக்கு இதே கதி. 1883இல் ஜேர்மன் சத்திரசிகிச்சை வைத்தியர்களின் மாநாட்டில் இதை அவரே பகிரங்கமாக அறிவித்தார். இனி முழுச் சுரப்பியை எடுக்கமாட்டேன் என்றும் சொன்னார். இந்த மனிதருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. தனது கத்தியால் வந்த கெடுதியைத் தானே எண்ணிக் கணக்கெடுத்துச் சொன்ன அந்த அறிக்கைதான் எமக்கு அந்தப் பரிசைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அதே ஆண்டு லண்டன் வைத்தியர்கள் ஒரு குழுவை அமைத்து நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விபரங்களைத் திரட்டினார்கள். 1888இல் அறிக்கை வந்தது. கல் பார்த்த பெண்களும் கொக்கர் வெட்டிய நோயாளிகளும் ஒரே நோய்க்காரர்கள்தான், தைரொய்ட் வேலை செய்யாமல் போவதே காரணம் என்று முடிவாகியது. அந்தப் பட்டியலிலும் பெரும்பாலானோர் பெண்கள்.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஜோர்ஜ் மரே என்ற இளம் வைத்தியர், செம்மறி ஆட்டின் தைரொய்டைப் பிழிந்தெடுத்த சாற்றை ஊசியால் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். மூத்தவர் ஒருவர் கேலி பண்ணினாராம்: அப்படியென்றால் முள்ளந்தண்டு நோய்க்கு முள்ளந்தண்டைக் கரைத்துக் கொடுப்பீர்களோ என்று. மரே விடவில்லை. 46 வயதுப் பெண் ஒருவருக்கு அந்தச் சாற்றை ஏற்றினார். சில மாதங்களில் முகவீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அடுத்த ஆண்டிலேயே ஊசி வேண்டாம், வாயால் கொடுத்தாலே போதும் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அதற்காக 870க்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகளின் சுரப்பிகள் செலவாகியிருந்தன.

மருந்து மிருகத்தில் இருந்து வந்த காலம் அது. அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் 1914ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் தினத்தன்று தைரொக்சினைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். பிறகு சுமார் 3 தொன் பன்றிச் சுரப்பிகளில் இருந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 33 கிராம் மட்டுமே. 1927இல் ஹரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுகூடத்திலேயே செயற்கையாக ஆக்கிக் காட்டினார்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "தைரொய்ட் குளிசை பன்றியில் செய்வதாமே" என்று நம்மவர்கள் சிலர் சந்தேகப்பட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பன்றிச் சுரப்பித் தூளில் செய்யும் குளிசை சில நாடுகளில் இன்னும் விற்கப்படுவது உண்மைதான். ஆனால் இங்கே வழமையாக எழுதித் தரப்படும் லீவோதைரொக்சினின் மருந்துப் பொருள் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. குளிசையில் சேரும் மற்றப் பொருட்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 1912இல் ஜப்பானின் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு நோயாளிகளின் தைரொய்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அது வெண்குருதிக் கலங்களால் நிரம்பியிருப்பதாக எழுதினார். நால்வரும் பெண்கள். உடம்பின் பாதுகாப்புப் படையே தன் சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956இல்தான் விளங்கியது. அயடீன் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைரொய்ட் குறைபாட்டுக்கு இன்று முதன்மைக் காரணம் இந்த ஹஷிமோட்டோ நோய்தான். அயடீன் கலந்த உப்பை ஒழுங்காகச் சாப்பிடும் வீட்டிலும் இது வருவது அதனால்தான்.

இனி கொலஸ்ட்ரோல் பக்கம் வருவோம். பித்தக்கல்லில் இருந்து கிடைத்த மெழுகு போன்ற பொருளுக்கு பிரான்சின் செவ்ரல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் "பித்தம்", "திண்மம்" என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நூறு வருடம் கழித்து, 1913இல், ரஷ்யாவின் நிகொலாய் அனிச்கொவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் நாடிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். நாடியில் கொழுப்பு என்ற கதை அன்றே தொடங்கிவிட்டது.

உண்மையில் அதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்திருந்தது. 1890களில் ஒஸ்ரியாவின் ஐசெல்ஸ்பேர்க், தைரொய்ட் அகற்றப்பட்ட ஆடுகளின் பெருநாடியில் கொழுப்புத் திட்டுகள் இருப்பதைக் கண்டு எழுதினார். அப்போது இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை இலகுவாக அளக்க வழி இல்லை. அந்த வழி வந்த பின்னர், 1930இல், பொஸ்டன் நகரில் மேசன், ஹன்ட், ஹர்க்ஸ்தால் ஆகிய மூவரும் தைரொய்ட் நோயாளிகளின் இரத்தத்தை அளந்து பார்த்தார்கள். சுரப்பி அளவுமீறி வேலை செய்பவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் குறைவு. சுரப்பி மந்தமானவர்களுக்கு அது கூடுதல். தைரொய்ட் மருந்து கொடுத்தால் கூடியிருந்தது இறங்குகிறது.

அதற்குப் பின்னர் சில தசாப்தங்கள் நடந்தது சுவாரசியமானது. இன்றைய டி.எஸ்.எச். பரிசோதனை 1960களின் நடுப்பகுதியில்தான் உருவானது. அதுவரை தைரொய்ட் மந்தமா என்று சந்தேகம் வந்தால் வைத்தியர்கள் பார்த்த அடையாளங்களில் ஒன்று கொலஸ்ட்ரோல். மருந்து போதுமா என்று பார்ப்பதற்கும் அதே எண்ணைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அதாவது கொலஸ்ட்ரோல் கூடியிருப்பதைக் கண்டால் "தைரொய்டைப் பார்" என்று நினைப்பது அந்தக் கால வைத்தியருக்கு இயல்பு. நல்ல தைரொய்ட் பரிசோதனை வந்ததும் கொலஸ்ட்ரோல் இதய வைத்தியர்களின் சொத்தாகிவிட்டது. இரண்டும் வெவ்வேறு க்ளினிக்குகளுக்குப் பிரிந்து போயின. எமது பார்வையில் மறதி தொடங்கிய இடம் இதுதான்.

அதே பொஸ்டனில், 1933இல், புளும்கார்ட்டும் அவரது சகாக்களும் நேர் எதிரான ஒன்றைச் செய்தார்கள். கடுமையான நெஞ்சுவலிக்காரர்களின் நல்ல தைரொய்டையே அகற்றினார்கள். சுரப்பி இல்லாவிட்டால் உடம்பின் வேகம் குறையும், இதயத்தின் சுமை குறையும், வலி குறையும் என்பது எண்ணம். பலருக்கு வலி குறைந்ததும் உண்மை. ஆனால் அதற்கு விலையாக அவர்கள் மிக்சிடீமாவையும் ஏறும் கொலஸ்ட்ரோலையும் சுமக்க வேண்டியிருந்தது. இதயத்துக்கும் தைரொய்டுக்கும் உள்ள உறவு ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் கயிறு அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1946இல் இன்னொரு தெளிவு கிடைத்தது. முயலுக்கு வந்தது போல நாய்க்கு, கொலஸ்ட்ரோலை எவ்வளவு ஊட்டினாலும், நாடியில் கொழுப்புப் படியவில்லை. ஸ்டெய்னர், கெண்டல் என்ற இருவர் (மேலே சொன்ன கெண்டல் அல்ல, இவர் வேறு) கொலஸ்ட்ரோலோடு தைரொய்டை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போது நாயின் நாடியிலும் படிந்தது. சாப்பாடு மட்டும் செய்யாததை, தைரொய்ட் தூங்கியதும் சாப்பாட்டால் செய்ய முடிந்தது.

இப்படி எல்லாம் தெரிந்த பிறகு யாருக்கும் வரக்கூடிய யோசனைதான் வந்தது. தைரொய்ட் ஓமோன் கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறதென்றால், தைரொய்ட் நன்றாக இருப்பவருக்கும் அதைக் கொடுத்தால் என்ன? இதயத்தை அதிகம் விரட்டாது என்று நம்பிய ஒரு வடிவத்தை, டெக்ஸ்ட்ரோதைரொக்சினை, எடுத்துக்கொண்டார்கள். 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய "கொரோனரி ட்ரக் ப்ரொஜெக்ட்" என்ற பெரிய ஆய்வில் ஏற்கனவே மாரடைப்பு வந்து தப்பிய 8,341 பேர் சேர்க்கப்பட்டார்கள். 30 முதல் 64 வயது வரை. அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை.

அந்த ஆய்வில் பார்த்த மருந்துகளில் இன்னொன்று ஈஸ்ட்ரோஜன். ஆம், பெண் ஓமோன்தான். மாதவிடாய் நிற்கும் முன் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதால், அந்த ஓமோனை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்களின் உடம்பில் இருந்து பாடம் எடுத்தார்கள், பெண்களை மட்டும் ஆய்வில் எடுக்கவில்லை. முடிவு என்னவென்றால், ஈஸ்ட்ரோஜனும் தீங்கு என்று இடையில் நிறுத்தப்பட்டது, டெக்ஸ்ட்ரோதைரொக்சினும் நிறுத்தப்பட்டது. கொலஸ்ட்ரோல் இறங்கியது, ஆனால் அந்தக் குளிசை குடித்தவர்களில் வெற்றுக் குளிசை குடித்தவர்களைவிடக் கூடுதலானோர் இறந்தார்கள். 1972இல் அந்த விபரம் வெளியானது.

இது வெறும் பழங்கதை இல்லை. உடம்பு மெலிய என்று சொல்லி விற்கப்படும் சில மருந்துகளில் தைரொய்ட் ஓமோன் கலந்திருப்பது உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. தைரொய்ட் நன்றாக இருப்பவர் அதை மேலதிகமாக எடுத்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். ராத்தா குடிக்கும் குளிசையை "எனக்கும் கொலஸ்ட்ரோல்தானே" என்று தங்கச்சி வாங்கிக் குடிப்பதும் இதே ஆபத்துத்தான்.

ஆண்கள் மட்டும் என்ற வழக்கம் அந்த ஒரு ஆய்வோடு முடியவில்லை. கொலஸ்ட்ரோலைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று உலகத்துக்குக் காட்டிய 1984ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் 3,806 பேர், எல்லோரும் ஆண்கள். 1987ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஆய்வில் 4,081 பேர், எல்லோரும் ஆண்கள். 1995ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்து ஆய்வில் 6,595 பேர், அதுவும் ஆண்கள். 1994இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில் 4,444 பேரில் 827 பேர் பெண்கள். அதுவே அன்று முன்னேற்றம். நியாயமாகச் சொல்வதானால், 1948இல் தொடங்கிய ஃப்ரமிங்ஹாம் ஆய்வு முதல் நாளில் இருந்தே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது யாருக்கு நோய் வருகிறது என்று கவனித்த ஆய்வு, மருந்தைப் பரீட்சித்த ஆய்வு அல்ல. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மருந்து ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1993இல்தான்.

தைரொய்டுக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் இடையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதற்கு வழி திறந்தவர்கள் டெக்சாசின் மைக்கல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். கலங்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். என்ற "கெட்ட" கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் இருக்கின்றன என்று 1970களில் கண்டார்கள். 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. (உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு "வாங்கி" என்ற சொல் பழக்கம். மற்றவர்கள் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் தூணை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஈரலில் அந்த வாங்கிகளை உருவாக்கத் தூண்டுவனவற்றில் தைரொய்ட் ஓமோனும் ஒன்று. ஓமோன் குறைந்தால் வாங்கிகள் குறையும், எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஈரல் கொலஸ்ட்ரோலைப் பித்தமாக மாற்றி வெளியேற்றும் வேலையும் மந்தமாகும். இதில் பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு: தைரொய்ட் குறைந்தவரின் உடம்பு கொலஸ்ட்ரோலை உற்பத்தி செய்வதும் குறைகிறது. ஆனால் அகற்றுவது அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுவதால் மொத்தத்தில் இரத்தத்தில் ஏறுகிறது. சாப்பாட்டை எவ்வளவு குறைத்தாலும் சிலருக்கு எண் அசையாததன் இரகசியம் இங்கேதான்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு மீண்டும் நியூகாசல் பக்கம் போக வேண்டும். மரே ஊசி ஏற்றிய அந்த ஊருக்குப் பக்கத்தில் விக்கம் என்ற இடத்தில், 1972 முதல் 1974 வரை 2,779 பேரைப் பரிசோதித்து, இருபது வருடம் கழித்து மீண்டும் தேடிப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஆயிரம் பெண்களில் 3.5 பேருக்குத் தானாகவே தைரொய்ட் மந்தமாகியது. ஆண்களில் 0.6 பேருக்கு. ஏறத்தாழ ஆறு மடங்கு.

நோர்வேயில் 17,311 பெண்களையும் 8,002 ஆண்களையும் சுமார் எட்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. டி.எஸ்.எச். "நோர்மல்" எல்லைக்குள் இருந்தபோதும், அது மேல் பக்கமாக இருந்த பெண்களில் இதய நாடி நோயால் இறந்தவர்கள் கூடுதல். ஆண்களில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அதே மக்களிடம், எல்லைக்குள்ளேயே டி.எஸ்.எச். ஏற ஏறக் கொலஸ்ட்ரோலும் சிறிது சிறிதாக ஏறுவதை முந்திய ஆய்வு காட்டியிருந்தது. இதை வைத்து நோர்மலாக இருப்பவர் எல்லோரும் குளிசைக்கு ஓட வேண்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 65 வயது தாண்டிய, டி.எஸ்.எச். இலேசாக மட்டும் கூடிய 737 பேருக்கு லீவோதைரொக்சின் கொடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில் அவர்களது களைப்பிலோ தைரொய்ட் அறிகுறிகளிலோ முன்னேற்றம் தெரியவில்லை. தெளிவான குறைபாடு இருப்பவருக்கு மருந்து கொடுத்தால் எல்.டி.எல். நன்றாக இறங்கும். இலேசான கூடுதலுக்கு இறக்கமும் இலேசுதான்.

பெண்களுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எல்.டி.எல். தானாகவே ஏறும். தைரொய்ட் மந்தமும் அதே வயதில்தான் கூடுதலாகத் தலைகாட்டும். வியர்வை, களைப்பு, எடை கூடுதல், மனச்சோர்வு என்று அறிகுறிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து எது எதனால் என்று பிரிக்க முடியாது. டி.எஸ்.எச். பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். ஆண்களுக்கு வேறு மாதிரியான சிக்கல்: "அது பொம்பளைகளின் வருத்தம்" என்று நினைத்து யாருமே தேடுவதில்லை. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமாகாது.

புதிதாகக் கொலஸ்ட்ரோல் கூடியவருக்குக் குளிசை தொடங்கும் முன் தைரொய்டையும் பார்க்கும்படி சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. தைரொய்ட் குறைபாட்டைக் கவனிக்காமல் ஸ்டற்றின் வகைக் குளிசை கொடுத்தால் தசைவலி, தசைப் பாதிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. "கொலஸ்ட்ரோல் குளிசை குடிச்சா காலெல்லாம் கடுக்குது" என்று சொல்லி நிறுத்திவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிறுத்த முன் வைத்தியரிடம் தைரொய்ட் பார்க்கலாமா என்று கேட்பது நல்லது. இதய நோய் உள்ள முதியவருக்குத் தைரொக்சினை மிகச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். புளும்கார்ட் கதையைச் சொன்னது இதற்காகத்தான்: ஓமோன் கூடினால் இதயத்தின் வேலையும் கூடும். "ஏன் இவ்வளவு சின்னக் குளிசை" என்று அவசரப்பட்டுத் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

நோன்பில் எப்போது குடிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பிட வேண்டும். இரும்புச் சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் இடையில் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். பால் தேநீரோடு சேர்த்து விழுங்குவதில் பயனில்லை. இந்த ஓமோன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் எடுப்பதால், நேரம் மாறுவதால் மட்டும் பெரிய பாதிப்பு வராது. சஹருக்கு அரை மணிக்கு மேல் முந்தி எழும்பிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கப் போகும்போது குடிப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ரமழானுக்கு முந்திய க்ளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.